உழைப்புக்குப் பெயர் வாங்கித் தந்த இலா பட்

அரசாங்க விண்ணப்பம் எதை எடுத்துக்கொண்டாலும் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பது வருஷங்களுக்கு மேல் அரசுப் பணியில் இம்மாதிரிப் படிவங்களோடு புழங்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒருவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதும், லைசென்ஸ் கிடைப்பதும், காப்பீடு கிடைப்பதும் தீர்மானமாகிறது. அங்கே ஒரு கோடு போடப்பட்டுவிட்டால், அந்த நபர் காலை நான்கு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை உழைத்தாலும் கணக்கில் வரமாட்டார். நான் கல்லூரியில் படித்தது பௌதிகம். அளந்து பதிவு செய்யாத எதையும் முடிவில் சேர்த்துக்கொள்ள முடியாது என்பது பரிசோதனைச் சாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். சமூகத்திலும் பெரும்பாலும் அதே கதைதான்.

நம் தேசத்தில் பெண்களின் முன்னேற்றத்துக்காகப் பாடுபட்டவர்கள் பலர். 1896-ல் பூனாவில் விதவைகளுக்காக ஆசிரமம் தொடங்கிய டோண்டோ கேசவ கார்வே, 1912-ல் சென்னையில் அதே பணியில் இறங்கிய சகோதரி சுப்பலட்சுமி ஆகியோரை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பெண்ணைப் படிக்க வைத்து, ஆசிரியை ஆக்கி, சொந்தக் காலில் நிற்க வைத்தது இவர்கள் செய்த மகத்தான காரியம். ஆனால் இன்னொரு வகைப் பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. பிறந்ததிலிருந்து வேலைதான். தலையில் மூட்டை சுமந்தார்கள், கறிகாய் விற்றார்கள், பீடி சுற்றினார்கள், ஊதுவத்தி உருட்டினார்கள். ஆனால் அவர்கள் செய்வது 'வேலை' என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களுக்கு 'தொழிலாளி' என்ற பெயரை வாங்கித் தந்தவர் அகமதாபாத்தைச் சேர்ந்த இலா பட். அவர் ஸ்தாபித்த 'சேவா' என்ற அமைப்பின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூரத்தில் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

இலா பட் 1933-ஆம் வருஷம் செப்டம்பர் 7-ஆம் தேதி அகமதாபாத்தில் பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் சூரத்தில். தகப்பனார் சுமந்த்ராய் பட் வழக்கறிஞர். தாயார் வனலீலா வியாஸ் அகில இந்திய மாதர் மாநாட்டில் ஈடுபாடு கொண்டவர். தாய்வழிக் குடும்பத்தில் காந்தியடிகளின் போராட்டங்களில் பங்கு கொண்டவர்கள் இருந்தனர். வசதியும் படிப்பும் உள்ள குடும்பம்.

1951-ல் சுதந்திர இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது இலா கல்லூரி மாணவி. மாணவர் தலைவராக இருந்த ரமேஷ் பட் என்ற இளைஞர் சூரத்தின் சேரிப் பகுதியில் கணக்கெடுக்கத் துணைக்கு வரும்படி அவரைக் கேட்டார். அதுவரை அம்மாதிரி இடத்துக்குள் போயிராத பெண். கூச்சத்தோடு போனவர், அங்கே கண்ட வாழ்க்கையை மறக்கவில்லை. ரமேஷ் பட் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பெற்றோருக்கு முதலில் சம்மதமில்லை என்றாலும் 1956-ல் இருவருக்கும் விவாகம் நடந்தது.

இதற்கிடையில் அவர் சட்டம் படித்து 1954-ல் பட்டம் பெற்றார். ஹிந்து சட்டப் பாடத்துக்காகத் தங்கப் பதக்கமும் கிடைத்தது. சிறிது காலம் பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தார். முன்னே சொன்ன கார்வே ஸ்தாபித்த பல்கலைக்கழகம்தான் அது. 1955-ல் அகமதாபாத்தில் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். வாழ்க்கையின் திசை அங்கே நிர்ணயமாயிற்று.

மஜூர் மகாஜன்

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1918-ல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். காந்தியடிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கி உண்ணாவிரதம் இருந்தார். அவருக்குத் துணை நின்றவர் அனசூயா சாராபாய். ஆலை முதலாளிகளின் தரப்பில் முன்னணியில் இருந்தவர் அவருடைய சொந்தச் சகோதரர் அம்பாலால் சாராபாய். உடன்பிறந்தவர்கள் எதிரெதிர் அணியில் நின்றும் பகைமை இல்லாமல் அந்தப் போராட்டம் மத்தியஸ்தத்தில் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 1920-ல் உருவானதுதான் மஜூர் மகாஜன் எனப்படும் ஜவுளித் தொழிலாளர் சங்கம்.

இச்சங்கத்தில் 1954-ல் பெண்கள் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும் மகளுக்கும் தையல், பின்னல், நூற்பு, டைப்பிங் போன்றவற்றில் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. நல்ல காரியந்தான். ஆனால் பெண் என்பவள் தொழிலாளியின் வீட்டுக்காரி என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு அது. அவளே தொழிலாளி என்ற எண்ணம் அதில் இல்லை.

நடுவில் சில வருஷங்கள் குஜராத் அரசின் வேலைவாய்ப்பு அதிகாரியாக இருந்துவிட்டு, 1968-ல் இப்பிரிவின் தலைமைப் பொறுப்பை இலா பட் ஏற்றார். அந்தச் சமயத்தில் நகரில் ஆலைகள் மூடப்பட்டு ஆண்கள் வேலை இழந்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்குப் போனபோது அவர் கண்டது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதுதான். எரிய வைத்தவர்கள் பெண்கள். ஆலைக் கதவு மூடியிருந்தாலும் அவர்கள் தெருவில் விற்றதும், வீட்டில் உட்கார்ந்து தைத்ததும் குடும்பத்தைக் காப்பாற்றின. ஆண் வேலை இழந்தால் அதற்குச் சட்டம் இருந்தது, சங்கம் இருந்தது, நஷ்டஈடு இருந்தது. பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

1971-ல் இஸ்ரேலின் டெல் அவீவ் நகரில் தொழிலாளர், கூட்டுறவு இயக்கங்கள் பற்றி மூன்று மாதம் படித்துவிட்டு வந்தார். தொழிற்சங்கமும் கூட்டுறவும் அங்கே கைகோத்து நடந்ததைப் பார்த்தது பிற்பாடு மிகவும் உதவியது.

வியாபாரிகள் அச்சிட்ட கணக்கு

அதே வருஷம் அகமதாபாத் ஜவுளிச் சந்தையில் துணி மூட்டை சுமக்கும் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். குடியிருப்பு நடைபாதையில். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தலைச்சுமையாக மூட்டைகளைக் கொண்டுபோவது வேலை. எத்தனை நடை, எவ்வளவு தூரம், என்ன எடை என்று எந்தக் கணக்கும் எழுதப்படுவதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இலா பட் இதைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகள் சும்மா இருக்கவில்லை. தாங்கள் நியாயமான கூலியே தருவதாகவும், அதன் விவரம் இன்னது என்றும் அதே போலப் பத்திரிகையில் பதில் வெளியிட்டார்கள். இலா பட் அதற்கு மறுப்பு எழுதப் போகவில்லை. வியாபாரிகள் தாங்களே ஒப்புக்கொண்ட அந்தக் கூலி விவரத்தைச் சிறு அட்டைகளில் அச்சடித்து மூட்டை சுமக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டார். இனிமேல் கூலி குறைந்தால் அட்டையைக் காட்ட வேண்டியதுதான்! அச்சில் வந்த எழுத்தின் பலம் எவ்வளவு என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

விஷயம் பரவி, பழைய துணி வியாபாரம் செய்யும் பெண்களும் தங்கள் குறைகளோடு வந்தார்கள். இவர்கள் வீடு வீடாகச் சென்று பாத்திரத்துக்குப் பழைய துணியை மாற்றி வாங்கி, தைத்துச் சரிசெய்து விற்பவர்கள். ஒரு பூங்காவில் சுமார் நூறு பெண்கள் கூடினார்கள். நாங்களும் ஒரு சங்கம் வைத்துக்கொண்டால் என்ன என்று கூட்டத்திலிருந்த ஒரு பெண் கேட்டாள். 1971 டிசம்பரில் சங்கம் உருவாயிற்று. 'செல்ஃப் எம்ப்ளாய்ட் விமன்ஸ் அசோசியேஷன்', அதாவது சுயதொழில் பெண்கள் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'சேவா'. ஜவுளித் தொழிலாளர் சங்கத் தலைவர் அரவிந்த் புச் தலைவராகவும், இலா பட் பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றார்கள்.

இந்தப் பெயரில் ஒரு நுட்பம் உண்டு. அரசாங்கக் குறிப்புகளில் இவர்களுக்கு 'அமைப்புசாராத் தொழிலாளர்' என்று பெயர். எது இல்லையோ அதை வைத்துப் பெயர் வைக்கும் வழக்கம் இலா பட்டுக்குப் பிடிக்கவில்லை. நம் தேசத்தில் உழைக்கும் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இவ்வகையில் இருக்க, மிச்சமுள்ள ஒருத்தியை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஏன் 'இல்லாதவர்' என்று பெயர்? தாமே தமக்கு வேலை உண்டாக்கிக்கொண்டவர்கள் என்ற பொருளில்தான் 'சுயதொழில்' என்ற சொல்லை அவர் எடுத்துக்கொண்டார்.

எஜமான் இல்லாத தொழிற்சங்கம்

சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது சிக்கல் வந்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926-ல் வந்தது. சங்கம் என்றால் யாரை எதிர்த்துப் போராடுவது, இந்தப் பெண்களுக்குத்தான் எஜமானரே இல்லையே என்று தொழிலாளர் துறை அதிகாரிகள் கேட்டார்கள். அரசு அலுவலகத்தில் இருந்தவன் என்ற வகையில் அவர்களுடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. படிவத்தில் எஜமானர் பெயருக்கு இடம் இருக்கும்போது, அதைக் காலியாக விட்டால் கோப்பு எப்படி நகரும்?

சங்கம் என்பது யாரையாவது எதிர்ப்பதற்காக மட்டும் இல்லை, தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒன்றுபடுவதற்காகவும்தான் என்று இலா பட் வாதாடினார். சட்டம் படித்தவரானபடியால் சட்டத்தின் வாசகத்தையே எடுத்துக் காட்ட அவரால் முடிந்தது. பல மாதங்கள் இழுத்த பிறகு 1972 ஏப்ரல் 12-ஆம் தேதி சேவா தொழிற்சங்கமாகப் பதிவாயிற்று. மூட்டை சுமப்பவளும் கறிகாய் விற்பவளும் பதிவேட்டின்படித் தொழிலாளி ஆனார்கள். என் எண்ணத்தில் சேவாவின் சரித்திரத்தில் முக்கியமான தேதி இதுதான். பிறகு வந்த எல்லாமே இதன் மேல்தான் நின்றன.

பத்து ரூபாய்ப் பங்கு

அடுத்த பிரச்சினை பணம். கறிகாய் விற்பவளுக்குக் காலையில் முதல் வேண்டும். கந்துவட்டிக்காரரிடம் வாங்குவாள். நாளொன்றுக்குப் பத்து சதவீதம் வரை வட்டி. காலையில் 50 ரூபாய் வாங்கினால் சாயங்காலம் 55 ரூபாய் திருப்ப வேண்டும். நாள் முழுதும் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்ததில் பெரும் பகுதி இப்படியே போய்விடும்.

1969-ல் வங்கிகள் தேசியமயமாகி, ஏழைகளுக்குக் கடன் தரவேண்டும் என்ற உத்தரவும் வந்திருந்தது. சேவா தன் அங்கத்தினர்களை வங்கிகளுக்கு அனுப்பியது. ஆனால் கைக்குழந்தையோடும் அழுக்குப் புடவையோடும் வருகிற பெண்ணை வங்கிக்குள் வரவேற்பார் இல்லை. அவளுக்கு வியாபாரம் நடக்கும் நேரத்தில் வங்கி திறந்திருக்கும். அவளுக்கு ஓய்வு கிடைக்கும்போது வங்கி மூடியிருக்கும். போதாததற்கு, வீட்டில் சேமிப்பை வைத்தால் அது அவளுடைய கையில் தங்குவதும் நிச்சயமில்லை.

1973 டிசம்பரில் சேவா அங்கத்தினர் கூட்டத்தில், நமக்கென்று ஒரு வங்கி ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி எழுந்தது. வங்கி நடத்தப் பணம் வேண்டுமே, நாம் ஏழைகளாயிற்றே என்று இலா பட் சொல்ல, ஏழைகள்தான், ஆனால் இவ்வளவு பேர் இருக்கிறோமே என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலே 2006-ல் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தின் தலைப்பும் ஆயிற்று. கணக்குத் தெரிந்தவர்களுக்கு அதில் உள்ள நியாயம் உடனே விளங்கும். 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். நாற்பதாயிரம் ரூபாய் மூலதனம் சேர்ந்துவிட்டது.

மறுபடி பதிவு அலுவலகம். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று கூட்டுறவுத் துறை தயங்கியது. நிறுவன அங்கத்தினர்களாகக் கையெழுத்திட வேண்டிய பெண்கள் ராத்திரி முழுவதும் விழித்திருந்து தத்தம் பெயரை எழுதிப் பழகினார்கள். பிறந்ததிலிருந்து பேனாவைப் பிடிக்காத கைகள். மறுநாள் அதிகாரியின் முன் ஒருவர் விடாமல் தங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதினார்கள். 1974 மே மாதம் 'ஸ்ரீ மகிளா சேவா சகாரி வங்கி' பதிவாயிற்று.

கணக்கு வைக்கும் பெண்ணுக்குக் கையெழுத்துத் தெரியாவிட்டால் என்ன செய்வது? பாஸ்புத்தகத்தில் அவளுடைய புகைப்படத்தை ஒட்டி அடையாளம் கண்டார்கள். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றும், அன்று புதுமை. வங்கி ஊழியர்கள் சந்தைக்கும் குடியிருப்புக்கும் தாங்களே போய்ச் சேமிப்பை வசூலித்தார்கள். அடகில் இருந்த நகைகளையும் பாத்திரங்களையும் மீட்கக் கடன் கொடுத்தார்கள். வீடு வாங்கவோ நிலம் மீட்கவோ கடன் கொடுத்தால், சொத்து அந்தப் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். ஏழைப் பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வராது என்று சொன்னவர்களுக்கு, 95 சதவீதத்தை ஒட்டியிருந்த வசூலே பதில் சொல்லிற்று.

இரண்டு கூடைக்கு இடம்

அகமதாபாத்தின் பழைய நகரத்தில் மாணிக் சௌக் என்ற கடைவீதி உண்டு. நகைக்கடைகள் நிறைந்த இடம். அங்கே மாமியார், அவளுக்கு முன் அவளுடைய மாமியார் என்று தலைமுறை தலைமுறையாகத் தெருவோரம் உட்கார்ந்து கறிகாய் விற்ற பெண்கள் இருந்தார்கள். லைசென்ஸ் கிடையாது. ஆகையால் போலீஸ் விரட்டும், அபராதம் போடும், கூடை பறிபோகும். இரண்டு கூடை வைக்க இடம் கொடுங்கள் என்பது சேவாவின் கோரிக்கை. 1982-ல் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1984-ல் இப்பெண்களுக்கு அங்கே விற்க உரிமை உண்டு என்ற அடிப்படையில் நீதிமன்ற உத்தரவு கிடைத்தது.

வீட்டிலிருந்து தைப்பவர்களின் கஷ்டம் வேறு விதம். ஆலைகளின் துண்டுத் துணிகளை இணைத்து ரஜாய் உறை தைக்கும் பெண்கள், பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், கூலி உயர்வு கேட்டபோது வியாபாரிகள் வேலை தருவதையே நிறுத்தினார்கள். சங்கத்தின் வழக்கமான ஆயுதமான வேலை நிறுத்தம் இங்கே உதவாது. அதனால் சேவா துண்டுத் துணியைத் தானே வாங்கி அவர்களுக்குக் கொடுத்து, 'சபீனா' என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஏற்படுத்தியது. ஒரு கையில் சங்கம், மறு கையில் கூட்டுறவு என்பதே சேவாவின் முறை. கேட்பதற்குச் சங்கம்; மறுத்தால் பிழைத்துக்கொள்ளக் கூட்டுறவு. பின்னாளில் பனாஸ்காண்டா கிராமத்துப் பூத்தையல் பெண்கள், கட்ச் பாலையில் உப்பு விளைவிப்பவர்கள் என்று இந்த முறை வெகுதூரம் பரவிற்று.

1981

சேவாவின் சரித்திரத்தில் கஷ்டமான வருஷம் 1981. மருத்துவக் கல்லூரி முதுநிலைப் படிப்பில் தாழ்த்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீட்டை எதிர்த்து அகமதாபாத்தில் கிளர்ச்சி ஏற்பட்டு, அது தலித் குடியிருப்புகள் மீது வன்முறையாக மாறியது. இட ஒதுக்கீடு பற்றி நம் அங்கத்தினர்களிடையே பலவித அபிப்பிராயங்கள் இருப்பது இயல்பு. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. தாக்கப்பட்ட வீடுகளில் சேவா அங்கத்தினர்களின் வீடுகள் இருந்தன. தாய்ச் சங்கம் மௌனமாக இருந்துவிடத் தீர்மானித்தது. இலா பட் வெளிப்படையாகத் தலித் மக்களின் பக்கம் பேசினார். அதன் விளைவாக 1981 மே மாதம் அவரும் சேவாவும் மஜூர் மகாஜனிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

இருபத்தைந்து வருஷத் தொடர்பு முறிந்தது. அண்ணனின் நிழல் போன பிறகு இந்தப் பெண்கள் சங்கம் தாக்குப்பிடிக்காது என்று பலர் நினைத்தார்கள். நடந்ததோ நேர்மாறு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகமதாபாத் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, ஆலைத் தொழிலாளர்களை நம்பியிருந்த தாய்ச் சங்கம் சுருங்கியது. தெருவோரப் பெண்களின் சங்கமோ வளர்ந்தது. 2022 வாக்கில் பல மாநிலங்களில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர்கள் அதில் இருந்தார்கள்.

தில்லியும் ஜெனீவாவும்

1977-ல் மகசேசே விருதும், 1985-ல் பத்மஸ்ரீயும், 1986-ல் பத்மபூஷணும் இலா பட்டுக்குக் கிடைத்தன. கானா நாட்டின் எஸ்தர் ஓக்லூ போன்றோருடன் சேர்ந்து உலகப் பெண்கள் வங்கி என்ற சர்வதேச அமைப்பையும் அவர் உருவாக்கியிருந்தார். 1986-ல் ராஜ்ய சபாவுக்கு நியமிக்கப்பட்டார். 1989-ல் திட்டக் கமிஷன் அங்கத்தினர் ஆனார்.

இவற்றைவிட முக்கியமானது, சுயதொழில் பெண்களைப் பற்றி ஆராய 1987-ல் மத்திய அரசு அமைத்த தேசியக் கமிஷனுக்கு அவர் தலைமை தாங்கியது. கமிஷன் நாடெங்கும் சுற்றி, 1988-ல் 'ஸ்ரமசக்தி' என்ற அறிக்கையைத் தந்தது. கணக்கில் வராத பெண்களின் உழைப்பை தேசிய அளவில் கணக்கில் கொண்டுவந்த ஆவணம் அது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் தொழிலாளர்களே என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஜெனீவாவில் 177-ஆவது உடன்படிக்கையை 1996-ல் ஏற்றதற்கும் சேவாவின் முயற்சி முக்கிய காரணம். தெருவோர வியாபாரிகளுக்கு மாணிக் சௌக்கில் கேட்ட நியாயம், 2014-ல் பார்லிமெண்ட் இயற்றிய தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டமாக நாடு முழுவதற்கும் வந்தது. மாணிக் சௌக் தீர்ப்புக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே முப்பது வருஷங்கள். கோப்புகளோடு பழகிய எனக்கு அந்தக் கால அளவு ஆச்சரியமில்லை. அத்தனை வருஷமும் விடாமல் நின்றதுதான் ஆச்சரியம்.

பதவிகளில் இருந்தபோதும் அவர் கதர்ப் புடவையோடு எளிமையாகவே வாழ்ந்தார். காந்தியடிகள் ஸ்தாபித்த குஜராத் வித்யாபீடத்தின் வேந்தராக 2015 முதல் இருந்தார். 2022 நவம்பர் 2-ஆம் தேதி 89-ஆவது வயதில் அகமதாபாத்தில் காலமானார்.

நம் வீடுகளில்

இது எங்கோ குஜராத்தில் நடந்த கதை என்று எண்ண வேண்டியதில்லை. சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்களுக்கான அமைப்பு ஒன்றைத் தொடங்கி, மீன் விற்பவர்களுக்கும் பூ விற்பவர்களுக்கும் கடன் கிடைக்க வழி செய்தார். பம்பாயில் 1959-ல் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கியதுதான் இன்றைய லிஜ்ஜத்.

அப்பளம் என்றதும் நம்மில் பலருக்கு வேறு நினைவுகளும் வரும். சென்ற தலைமுறையில், இளம் வயதில் கணவரை இழந்து, அப்பளம் இட்டும், வடாம் பிழிந்தும், நாலு வீட்டில் சமைத்துப் போட்டும், கல்யாணங்களுக்குப் பட்சணம் செய்தும் குழந்தைகளைப் படிக்க வைத்த அத்தைகளும் பெரியம்மாக்களும் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்தப் பிள்ளைகள் என்ஜினீயராகவும் அதிகாரியாகவும் ஆனார்கள். அந்தத் தாயாருடைய 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருந்தது? அநேகமாக ஒரு கோடு. "அம்மா வேலைக்குப் போகவில்லை" என்றுதான் அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். இலா பட்டின் சரித்திரத்தைப் படித்தால், அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு உழைப்பு கிடந்தது என்பது தெரியவரும்.

இன்று நம் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவரும், சமையலுக்கு வருபவரும், வாசலில் பூவும் கீரையும் கொண்டுவருபவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள். நாம் பெரிய ஸ்தாபனம் தொடங்க வேண்டியதில்லை. சில காரியங்கள் எல்லோராலும் முடியும். கூலியை முன்கூட்டியே பேசி, ஒரு நோட்டில் எழுதி, ஒரு பிரதியை அவரிடமே கொடுக்கலாம். சம்பளத்தை அவருடைய சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடலாம். கணக்கு இல்லையென்றால் திறந்து கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் லீவும், உடம்பு சரியில்லாத நாளைக்குப் பிடித்தமில்லாத கூலியும் அவருக்கு உரிமை என்று எண்ணலாம்.

நம் சங்கத்தின் கிளைகள் பல நகரங்களில் இருக்கின்றன. எந்தக் கிளையை எடுத்தாலும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரிகளுக்கும் அரசு அலுவலர்களுக்கும் குறைவில்லை. தெரு வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் திட்டம் 2020-ல் வந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் ஏற்பாடு 2021-ல் வந்தது. இவற்றால் பயன் பெற வேண்டியவர்களில் பலருக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாது. நமக்கோ அது தவிர வேறொன்றும் சரியாகத் தெரியாது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், கோவில் வாசலிலோ குடியிருப்புச் சங்க அறையிலோ ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் போதும். யார் வந்தாலும் ஜாதி, பாஷை பாராமல் அவர்களுக்கான படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். 'தொழில்' என்ற கட்டம் வரும்போது கோடு போடாமல், அவர்கள் செய்யும் வேலையின் பெயரை அவர்களையே கேட்டு எழுத வேண்டும்.

இதை ஏதேனும் ஒரு கிளை செய்து பார்த்து, அதன் அனுபவத்தை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்பினால் மற்றக் கிளைகளுக்கும் அது வழிகாட்டியாக இருக்கும் என்று நம்புகிறேன்.